யூலியன் வீட்டு வெள்ளைச் சுவர்

யூலியன் என் சித்தப்பாவின் மகன். என்னைவிடப் பதினொரு வயது இளையவன். ஒஸ்லோவில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது அவன் தொழில். அவனைப் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய உண்டு. சொல்லத் தொடங்கினால் என் மானமும் சேர்ந்து போகும் என்பதால்தான் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஐஸ் லொறி ஓட்டிய சித்தப்பாவுக்கு அவன் ஒரே பிள்ளை. 1990இல் நோர்வேக்கு வந்தான். முதல் இரண்டு வருடம் வடக்கே, மீன் வெட்டும் தொழிற்சாலையில் கை விறைக்க நின்றான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து குறொன்லாண்டில் ஏழு பேரில் ஒருவனாக ஒரு வீட்டில் தங்கினான். ஒருநாள் நான் போய்ப் பார்த்தேன். ரீவிக்கு மேலே கறிச்சட்டி. ஜன்னல் விளிம்பில் சப்பாத்துகள். கட்டிலுக்குக் கீழே ஏழு சூட்கேஸ்கள், எது யாருடையது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். இரவு வேலைக்காரன் எழும்பிப் போனதும் பகல் வேலைக்காரன் அதே மெத்தையில் படுப்பான்.

"எனக்கெண்டு ஒரு வீடு வந்தா, அதுக்குள்ளை ஒண்டும் இருக்காது அண்ணை," என்றான் யூலியன், படிக்கட்டில் என்னை வழியனுப்ப வந்தபோது.

"ஒண்டும் இல்லாட்டி அது வீடில்லை, கிறவுண்டு," என்றேன் நான். அப்போதே எனக்கு இப்படித்தான் வாய்.

பூசை முடிந்து ஞாயிறுகளில் அவன் ஸ்டோவ்னரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். வந்ததும் கைகழுவ முன்னர் எங்கள் வீட்டுக் கூடமான சாலையின் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பான். அங்கே சித்தப்பாவும் நானும் நிற்கிற படம் தொங்கியது. 1986இல் நான் நோர்வேக்கு வெளிக்கிட முதல்நாள் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்தது. இங்கே வந்த பிறகு அதைப் பெரிதாக்கி, தங்கநிறப் பிறேம் போட்டு மாட்டியிருந்தேன். சித்தப்பாவுக்குக் கமராவைக் கண்டால் ஆகாது. இருந்த இரண்டொரு படமும் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தில் வீட்டோடு போய்விட்டன. அதனால் உலகத்திலேயே சித்தப்பாவின் பெரிய படம் என்று சொல்ல என் சுவரில் தொங்கியது ஒன்றுதான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

பிறகு யூலியனுக்குப் பெயின்ற் வேலை கிடைத்தது. அந்த வருடங்களில் ஒஸ்லோ முழுவதற்கும் வெள்ளைப் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய மண்ணிறப் பலகைகளைப் பிடுங்கி, பூப்போட்ட சுவர்த்தாள்களைச் சுரண்டி, எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்தார்கள். பழைய தொழிற்சாலைகள்கூடத் தொடர்மாடிகளாகி வெள்ளையாகின. அவன் தலைமுடியில் வெள்ளைப் பொட்டுகளோடு வந்து என் மேசையில் இருந்து சோற்றைப் பிசைந்தபடி வெள்ளையைப் பற்றியே கதைப்பான்.

"வெள்ளையிலையே நாப்பது இருக்கு அண்ணை. வடக்கு ஜன்னலுக்கு ஒண்டு, தெற்கு ஜன்னலுக்கு வேறை ஒண்டு."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். சுண்ணாம்பு."

என் மனைவி மேரியம்மா சிரித்துவிட்டு அவனுக்கு இன்னொரு மீன் துண்டு வைப்பாள்.

1999இல் அவனுக்கும் கிறிஸ்ரிக்கும் கலியாணம் நடந்தது. அவள் திராமன் நகரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. இரண்டு பேரும் மிச்சம் பிடித்து 2005இல் ஒஸ்லோவின் நீடாலனில் புதிதாகக் கட்டிய தொடர்மாடி ஒன்றில் வீடு வாங்கினார்கள். சுவாமியார் வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்த அன்றுதான் நான் முதன்முதலாக உள்ளே போனேன்.

நீளமான ஒரு சாலை. வெளிறிய மரத்தளம். சாம்பல்நிறச் சோபா ஒன்று, மேசை ஒன்று, கதிரை நாலு. விரிப்பு இல்லை, திரைச்சேலை இல்லை, சோக்கேஸ் இல்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்க அலுமாரியாம், ஆனால் பிடி இல்லாததால் அதுவும் சுவர்தான். அழுத்தினால் திறக்கும். எதிர்ச் சுவர் வெறும் வெள்ளை. அதை அவனே மூன்று தரம் தேய்த்து மூன்று தரம் அடித்தானாம். ஓர் ஆணி ஓட்டைகூட இல்லை.

"ஆர் டொக்டர்? ஆர் வருத்தக்காரன்?" என்று வாசலில் நின்றே கேட்டேன். "வாட்டு நல்லாத்தான் இருக்கு."

வந்திருந்த சனம் எல்லாம் சிரித்தது. கிறிஸ்ரியும் சிரித்தாள், ஆனால் கீழே பார்த்துக்கொண்டு. அன்றிலிருந்து எங்கள் ஆட்களிடையே அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

நான் கொண்டு போன பரிசு ஒரு சுவர் மணிக்கூடு. பின்னால் பல்ப் எரிய, நீர்வீழ்ச்சி ஓடுவது போலத் தெரியும். யூலியன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். மூன்று மாதம் கழித்து ஒரு பிறந்தநாளுக்குப் போனபோது தேடினேன், சுவரில் இல்லை. கேட்கவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை; அவன் மட்டும் பழையபடி ஞாயிறுகளில் வந்து போனான். ஒரு மணிக்கூட்டுக்காக ஐம்பது வயதுக்காரன் ஒருவன் கோபித்துக்கொண்டு இருந்தான் என்றால் நம்புவீர்களா? இருந்தேன்.

2007 நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை சித்தப்பா இறந்துவிட்டதாக ஊரிலிருந்து ரெலிபோன் வந்தது. நித்திரையிலேயே போய்விட்டாராம். அடக்கம் மறுநாள். ஊரில் சண்டை நாள், யாழ்ப்பாணத்துக்குப் பாதையும் இல்லை. யூலியன் எப்படிப் பறந்தாலும் போய்ச்சேர முடியாது. ஆகவே செத்தவீடு நீடாலனில் நடந்தது. மகன் இருக்கிற இடத்துக்குத்தானே சனம் துக்கம் விசாரிக்க வரும்.

நானும் மேரியம்மாவும் போகும்போது மத்தியானம் இரண்டு மணி. வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளே முப்பது, முப்பத்தைந்து பேர். நாலு கதிரையிலும் சோபாவிலும் வயதானவர்கள், மற்றவர்கள் வெறும் தளத்தில். யாரோ தமிழ்ப் பாடசாலையிலிருந்து மடக்குக் கதிரைகள் கொண்டுவரப் போயிருந்தார்கள். குசினிக்குள் பெண்கள் கோப்பை தேடிச் சுவரையெல்லாம் அழுத்திக்கொண்டு நின்றார்கள். மலசலகூடக் கதவு எது என்று தெரியாமல், தமிழ்ப் பாடசாலையில் படிப்பிக்கும் அருட்செல்வம் மாஸ்டர் இரண்டு தரம் துணி அலுமாரியைத் திறந்தார்.

யூலியன் சுவரோடு நின்றான். முகம் சவரம் செய்யவில்லை. நான் போய்க் கட்டிப்பிடித்தேன். அவன் என் தோளில் தலையைச் சாய்த்தான். அப்போதாவது நான் ஒழுங்காக இருந்திருக்கலாம்.

ஆறு மணிக்கு சுவாமியார் வந்து செபமாலை தொடங்குவதாக ஏற்பாடு. மெழுகுதிரி வந்துவிட்டது, பூ வந்துவிட்டது. அவற்றை எதற்கு முன்னால் வைப்பது? அருட்செல்வம் மாஸ்டர்தான் கேட்டார், "அப்பாவின்ரை படம் ஒண்டு வையுங்கோவன், தம்பி."

யூலியன் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். கிறிஸ்ரி மெதுவாகச் சொன்னாள், "பெரிசா ஒண்டும் இல்லை மாஸ்டர். ஊரிலை ஆரிட்டையும் கிடந்தா அனுப்பச் சொல்லலாம், ஆனா இண்டைக்கு அங்கை ஆர் நிண்டு…"

அதில் நான் புகுந்தேன். இரண்டு வருடக் கோபமும் ஒன்றாகத் தொண்டைக்குள் வந்தது. மணிக்கூட்டுக் கோபம் என்று அப்போது எனக்கே தெரியவில்லை, சித்தப்பாவுக்காகக் கொதிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

"பெத்த தகப்பன்ரை படம் ஒண்டு இல்லாத வீடு," என்றேன், எல்லாருக்கும் கேட்க. "சுவருக்கு வெள்ளை அடிச்சு என்ன செய்ய? மனுசர் செத்தா மெழுகுதிரி கொழுத்த ஒரு முகம் இல்லை."

குசினிக்குள் கோப்பைச் சத்தம் நின்றது.

"அண்ணை," என்றான் யூலியன். "என்னட்டை…"

"நீ கதைக்காதை. என்ரை வீட்டுச் சுவரிலை சித்தப்பா இருக்கிறார். போய்க் கொண்டு வாறன்."

"வேண்டாம் அண்ணை. போகாதேங்கோ." அவன் என் கையைப் பிடித்தான். "சொல்லுறதைக் கேளுங்கோ, போகவேண்டாம்."

நான் கையை உதறிவிட்டு வெளிக்கிட்டேன். சப்பாத்துக் குவியலில் என் சோடியைத் தேடும்போது எனக்குப் பின்னால் யாரோ, "யோசேப்பண்ணை இல்லாட்டி என்ன செய்யிறது," என்றார்கள். அது காதில் தேனாக விழுந்தது.

சுரங்க ரயிலில் ஒருதரம் மாறி ஸ்டோவ்னருக்குப் போக முக்கால் மணி. வழியெல்லாம் நான் அவனை மனதுக்குள் ஏசிக்கொண்டே போனேன். வீட்டுக் கதவைத் திறந்து வெளிச்சத்தைப் போட்டேன். எங்கள் சாலைச் சுவரில் ஓர் அங்குலம் வெறுமையாக இராது. திரு இருதயப் படம், அதற்குக் கீழே சிவப்புப் பல்ப், லூர்து மாதா, மூன்று மணிக்கூடு, கலியாணப் படங்கள், மகள் சோபிகா கோயிலில் முதல் நன்மை எடுத்தது, பட்டம் வாங்கினவர்கள், வாங்கப் போகிறவர்கள். நான் நேரே போய் இரண்டாவது மணிக்கூட்டுக்குக் கீழே தங்கநிறப் பிறேமில் கைவைத்தேன்.

அதற்குள் சோபிகா இருந்தாள். அவள் பெரியபிள்ளை ஆனதற்குச் செய்த சாமத்தியவீட்டுப் படம். மெரூன் சேலையும் நெற்றிச் சுட்டியும்.

பக்கத்தில் பார்த்தேன். மேலே பார்த்தேன். கதிரையை இழுத்துப்போட்டு ஏறி ஒவ்வொரு படமாகத் துடைத்துப் பார்த்தேன். அறைகளுக்குள் போய்ப் பார்த்தேன். சித்தப்பா எங்கும் இல்லை. கடைசியில் மேரியம்மாவுக்குக் கைத்தொலைபேசியில் அழைப்பு எடுத்தேன்.

"சித்தப்பாவின்ரை படம் எங்கையப்பா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். சுற்றிவரச் சனம் நிற்கிறது என்று தெரிந்தது. "இஞ்சேருங்கோ, சாமத்தியவீட்டுப் படம் வந்த நேரம் நீங்கள்தானே அந்தப் பிறேமுக்கை வைச்சனீங்கள். அளவு சரியா இருக்கெண்டு. இது பின்னாலை இருக்கட்டும், வேறை பிறேம் வாங்குவம் எண்டனீங்கள்."

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. 2001, ஆவணி மாதம். குசினி மேசையில் வைத்து, பட்டர் பூசும் கத்தியால் பின் தகட்டின் ஊசிகளை நிமிர்த்தியது நான். சித்தப்பாவுக்கு மேலே மகளை வைத்து மூடியது நான். வேறு பிறேம் வாங்க மறந்தது நான். ஆறு வருடமாக அந்தச் சுவருக்கு முன்னால் இருந்து சோறு தின்றிருக்கிறேன். அவர் அங்கே இல்லை என்பதை ஒருநாள்கூடக் கவனிக்கவில்லை. வருகிறவர்களிடம் மட்டும், "என்ரை சுவரைப் பாருங்கோ, ஊரே இருக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே மேசையில் அதே கத்தியோடு இருந்தேன். தகட்டைக் கழற்றினேன். இரண்டு படமும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. குசினி ஆவிதான் காரணமாக இருக்கும். முனையில் நகத்தைக் கொடுத்து மெல்ல இழுத்தேன். வந்தது. நான் நிற்கிற பக்கம் வழுவழுவென்று வந்தது. சித்தப்பாவின் பக்கம் வரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பார்த்தால், அவருடைய முகம் உரிந்து சோபிகாவின் படத்தின் முதுகில் வெள்ளைத் தூளாக ஒட்டியிருந்தது. அவருடைய சேர்ட் இருந்தது, கை இருந்தது, அந்தக் கை என் தோளில் இருந்தது. கழுத்துக்கு மேலே வெறும் கடதாசி. என்னுடைய முகம் ஒரு கீறல் இல்லாமல், மீசையும் மினுக்கமுமாக அப்படியே இருந்தது.

நான் அழுதேன். சித்தப்பாவுக்காக அழுதேன் என்று சொல்ல விருப்பம். உண்மையில் அந்த முப்பத்தைந்து பேரின் முகமும்தான் கண்ணுக்குள் நின்றது.

வெறும் கையோடு எப்படிப் போவது? இரண்டையும் பழையபடி பிறேமுக்குள் வைத்து, ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். ரயிலில் பொய்கள் யோசித்தேன். வழியில் விழுந்து உடைந்துவிட்டது. வீட்டுத் திறப்பு மேரியம்மாவிடம், கதவு திறக்க முடியவில்லை. கடைசியில் நல்ல பொய் ஒன்று வந்தது: ரயிலில் தவறவிட்டுவிட்டேன். பையை ஆசனத்துக்குக் கீழே தள்ளி வைத்தேன். மாறவேண்டிய தரிப்பிடத்தில் எழும்பி, திரும்பிப் பாராமல் இறங்கினேன்.

பத்து அடி நடந்திருக்க மாட்டேன். பின்னால் காலடிச் சத்தம். வயதான நோர்வேக்காரி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்து, மறந்துவிட்டீர்களே என்று பையை நீட்டினாள். எனக்காக அவள் தன் ரயிலை விட்டிருந்தாள். இரண்டு தரம் நன்றி சொன்னேன். படம் பத்திரமா என்று வேறு கேட்டாள், பிறேமின் மூலை வெளியே தெரிந்திருக்கவேண்டும்.

நீடாலனில் கதவு திறந்தே இருந்தது. ஆறு மணி ஆகிவிட்டது, சுவாமியார் வந்துவிட்டார், ஆனால் செபமாலை தொடங்கவில்லை. சாலையில் எல்லாரும் அந்த வெறும் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

சுவர் வெறுமையாக இல்லை. கண் மட்டத்தில், சரி நடுவில், பெருவிரல் அளவில் ஒரு படம். அடையாள அட்டைக்கு எடுக்கிற கறுப்பு வெள்ளைப் படம். பெயின்ற் வேலைக்காரர் ஓரம் மறைக்க ஒட்டுகிற நீலநிற நாடாவால் மேலே மட்டும் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கீழே ஒரு ஸ்ரூலில் ஒரு மெழுகுதிரி. அவ்வளவுதான். அவ்வளவு பெரிய வெள்ளையில் வேறொன்றும் இல்லாததால், வாசலில் நின்ற என் கண்ணும் நேரே அங்கேதான் போனது.

முகம் தெரியக் கிட்டப் போகவேண்டும். ஆகவே ஒவ்வொருவராக எழும்பிப் போய், குனிந்து, பார்த்து, சிலுவை போட்டுவிட்டு வந்து இருந்தார்கள். அதற்காகத்தான் சுவாமியார் காத்திருந்தார். என் நாற்பது பிறேமையும் ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

"வெளிக்கிடேக்கை மாமா குடுத்தது," என்று கிறிஸ்ரி பக்கத்தில் இருந்த பெண்ணுக்குச் சொல்வது கேட்டது. "பதினேழு வருசமா காசு வைக்கிற பேசுக்குள்ளைதான் வைச்சிருக்கிறார்."

யூலியன் என்னைக் கண்டுவிட்டான். எல்லாரும் திரும்பினார்கள். மேரியம்மா மட்டும் திரும்பவில்லை. அருட்செல்வம் மாஸ்டர், "படம் கொண்டு வந்தியளோ, யோசேப்பு?" என்றார்.

என் வாழ்க்கையில் எனக்கு வாய் திறக்க முடியாமல் போனது அந்த ஒருதரம்தான். யூலியன் எழும்பி வந்து என் கையிலிருந்த பையை வாங்கினான். உள்ளே பார்த்தான். மெரூன் சேலையில் என் மகள் அவனைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அண்ணை கொண்டு வந்திட்டார்," என்றான், எல்லாருக்கும் கேட்க. "கண்ணாடி உடைஞ்சிருக்கு. பிறகு சரியாக்கி வைப்பம்."

பிறகு அலுமாரிச் சுவரில் ஓரிடத்தை அழுத்தினான். கதவு திறந்தது. உள்ளே என் மணிக்கூடு துணியால் சுற்றி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் பையை வைத்து மூடினான். சுவர் பழையபடி சுவரானது. செபமாலை தொடங்கியது. மூத்தவன் என்று முதல் பத்துமணியை என்னிடம் சொல்லச் சொன்னார்கள். எனக்குச் செபம் பிழையாக வந்தது. துக்கம் தாங்காமல் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தடவினார்.

சனம் போன பிறகு அவன் குசினிக்குள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"கண்ணாடி உடையேல்லை, யூலியன்."

"தெரியும் அண்ணை."

"சித்தப்பா பின்னாலை இருந்தவர். இழுக்கேக்கை முகம் உரிஞ்சு போட்டுது. என்ரை முகம் மட்டும் இருக்கு."

அவன் தண்ணீரை நிறுத்தினான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"அது அங்கை இல்லையெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. சோபிகாவின்ரை படம் மாட்டின கிழமையே கண்டனான். அதுதான் போகவேண்டாம் எண்டனான்."

ஆறு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சுவருக்கு முன்னால் நிற்பதை எப்போதோ விட்டுவிட்டான் என்பதுகூட எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. ஒரு சொல் கேட்கவில்லை அவன். நான் ஆஸ்பத்திரி என்று சிரிக்கச் சிரிக்க என் மேசையில் சாப்பிட்டுப் போயிருக்கிறான்.

"மன்னிச்சுக்கொள்ளடா," என்றேன்.

"அந்தப் படத்தை எனக்குத் தாங்கோ," என்றான். "உங்கடை தோளிலை அப்பாவின்ரை கை இருக்கெல்லே. எனக்கு அந்தக் கையே காணும், வேறை வேண்டாம்."

கொடுத்தேன். சோபிகாவை மட்டும் பிறேமோடு வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அந்த அடையாள அட்டைப் படம் இன்றைக்கும் அதே இடத்தில் நீல நாடாவோடு இருக்கிறது, வேறொன்றும் பக்கத்தில் இல்லை. முகமில்லாத படம் அலுமாரிக்குள். எந்த இடத்தில் அழுத்தினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும். போகும்போதெல்லாம் அந்த அலுமாரிப் பக்கத்துக்கு முதுகு காட்டி இருக்கிற கதிரையாகப் பார்த்து இருந்துகொள்கிறேன்.